தங்கராசு ஊதிப் பார்த்த ரீடுகள்

தங்கராசுவை நான் வெறும் வயிற்றில் ஊத வைத்தேன் என்று மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அன்று காலை அவர் என் வீட்டில் இட்லியும் காப்பியும் சாப்பிட்டார். நான்கு நாள் கழித்துப் பால்காரர் வாசலில் நின்று, "பேண்டு தங்கராசு போயிட்டாருங்க. நெஞ்சு வலிங்க" என்றார். உள்ளே கிண்ணத்துத் தண்ணீரில் என் ஊதுகுழலின் ரீடு ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை.

பட்டாளத்து பேண்டில் அவருடன் வாசித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்று வந்து இங்கே மிளகு பயிரிட்டார். என் கணவர் காலமான பிறகு, எழுபத்தொரு வயதில், நான் ஓபோ என்ற மேல்நாட்டு ஊதுகுழல் கற்கப் போகிறேன் என்றதும் பலர் சிரித்தார்கள். கான்வென்ட்டில் படித்த நாளிலிருந்து இருந்த ஆசை அது. தங்கராசு சிரிக்கவில்லை. "முதல்ல ரீடு பாக்கலாமுங்க" என்றார். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, ஓபோவுக்கு ரீடு அப்படி.

புதிதாகக் கற்பவர் மென்மையான ரீடைத்தான் வாங்க வேண்டும். அதை அவர் இரண்டு முறை சொல்லியும், கடைக்கு எழுதும்போது நான் கடினமானதையே கேட்டேன். மென்மையானது என்று எழுத எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. வந்த ரீடுகளை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு இதழ்களும் ஒரே கனமா, நடுவே வாய் சமமாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். நான் ஊதினேன். காற்றுகூட வெளியே வரவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றார். நான் எல்லாப் பரீட்சையிலும் முதல் வகுப்பில் தேறியவள் என்றேன்.

"ரீடுக்கு அது தெரியாதுங்களேம்மா."

சிரித்துக்கொண்டே பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போனார். கத்தியால் மயிரிழையளவு சீவி, தினமும் சிறிது நேரம் ஊதிப் பழக்கி, வாரம் இரண்டாகக் கொண்டுவந்து தந்தார். கடினமான ரீடில் வாசிக்கிறேன் என்று வருவோரிடமெல்லாம் நான் பெருமை பேசினேன். பக்கத்திலேயே நிற்பார்; ஒருநாளும் மறுத்ததில்லை.

கடைசியாக அவர் வந்த அன்று புதுப் பெட்டி பிரித்தோம். மாதா கோவிலில் ஒரு பாட்டு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால் பத்து ரீடுகளையும் அவர் அன்றே ஊதிப் பார்த்துவிட வேண்டும் என்றேன். ஆறாவது முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை நெஞ்சில் இருந்தது.

"கொஞ்சம் மூச்சு திரும்பட்டுங்க."

தண்ணீர் கொடுத்தேன். பிறகு ஏழாவது ரீடை எடுத்து நீட்டினேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் அதையும் ஊதினார், எட்டாவதையும் ஊதினார். "இது உங்களுக்குப் பொருந்துமுங்க" என்று எட்டாவதை என் உள்ளங்கையில் வைத்தார்.

அடக்கத்தின்போது எனக்குப் பின்னால் ஒருவர், தங்கராசு ஊதவே கூடாது என்று அடிவாரத்து டாக்டர் சொல்லியிருந்ததாகச் சொன்னார். தங்கராசுவின் மனைவி பழனியம்மாள் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அன்றிலிருந்து கேட் சத்தம் கேட்டாலே நான் உள் அறைக்குப் போய்விடுகிறேன். யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாத நான், என்னை அம்மா என்று கூப்பிடும் பழனியம்மாளின் முகத்துக்குப் பயந்து, சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த எட்டாவது ரீடு. இன்னும் வாயில் வைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது: என் பொய்ப் பெருமையை யார் முன்னாலும் உடைக்காமல் நின்ற அவருடைய மௌனம். அதற்கு நான் தகுதியானவளா என்று தெரியவில்லை.

பழனியம்மாள், இது உங்கள் கைக்கு வந்தால் சொல்லுங்கள்: டாக்டர் அப்படிச் சொன்னது உண்மையா? உண்மையென்றால், அன்று காலை என் வீட்டுக்கு வரும்போது அவருக்கு அது தெரியுமா? என் ஆறுதலுக்காக எதையும் மாற்ற வேண்டாம். நேரில் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பதிலைத் தயவுசெய்து கடிதமாக எழுதி அனுப்புங்கள்.