கழுதை மடுவும் ஆர்டித் லெட்பெட்டரும்

ஆர்டித் லெட்பெட்டரின் படகில் புதிதாக ஏறுகிறவர்கள் முதல் பத்து நிமிடம் கரையையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். படகோட்டி இனிமேல்தான் வரப்போகிறான், இந்த அம்மாள் சாப்பாட்டுக் கூடையை ஏற்றி வைக்க வந்தவள் என்று அவர்களுக்கு நினைப்பு. ஆர்டித் பின்பலகையில் உட்கார்ந்து, கையிலிருந்த ஒற்றைத் துடுப்பால் கரையை ஒரு தள்ளு தள்ளுவாள். முதல் வளைவில் தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு இழுத்து ஓடும். அந்த இடத்தில் இருபதடி நீளத் தட்டைப் படகை ஆணி அடித்தது போல நிறுத்திவிட்டு, "பாறைக்குப் பின்னால, நிழல் விழுற இடத்துல போடுங்க" என்பாள். போட்ட தூண்டில் தண்ணீரைத் தொடுவதற்குள் மீன் கவ்வும். அதற்கப்புறம் யாரும் கரையைப் பார்ப்பதில்லை.

மிசௌரி மலைக்காட்டில் ஹேக்பெரி ஆற்றங்கரையில்தான் அவள் பிறந்ததும் வளர்ந்ததும் வெண்டலைக் கல்யாணம் செய்துகொண்டதும். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மே கடைசியில் பள்ளி மூடியதும் ஆறுதான். நகரத்திலிருந்து வருகிறவர்களைப் படகில் ஏற்றி, நீரோட்டத்தோடு ஒரு நாளோ இரண்டு நாளோ மிதந்து போவாள். அவர்கள் இரண்டு கரையோரமும் தூண்டில் வீசிக்கொண்டே வருவார்கள். மத்தியானம் கூழாங்கல் திட்டில் படகை ஏற்றி, விறகு மூட்டி, பன்றிக்கொழுப்பில் உருளைக்கிழங்கும் மீனும் பொரிப்பாள். சோளரொட்டி வீட்டிலிருந்தே வந்துவிடும். வெண்டலுக்கு மீன் என்றால் ஆகாது. இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் தனக்கிருந்த ஒரே குறை அதுதான் என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள், வெண்டலை வைத்துக்கொண்டே.

வருகிறவர்கள் தேடி வருவது சின்னவாய் பாஸ் மீனை. உள்ளூரில் அதற்குப் பழுப்பன் என்று பெயர். வெண்கல நிறம், சிவந்த கண், ஒரு முழத்துக்கு மேல் போகாத உடம்பில் ஒரு கன்றுக்குட்டியின் முரட்டுத்தனம். தூண்டிலில் சிக்கினால் மூன்று தடவை தண்ணீரை விட்டு எகிறும். குளிர்ச்சியாக, தெளிவாக, கல்லின் மேல் ஓடுகிற தண்ணீரில்தான் இருக்கும். நண்டுக் கொடுக்கு வைத்த ஆற்று இறால்கள் கல்லிடுக்கில் பதுங்குமே, அவைதான் அதற்கு விருந்து. கல்லிடுக்கில் மண் அடைந்தால் இறால் போய்விடும், இறால் போனால் பழுப்பனும் போய்விடும்.

இதெல்லாம் ஆர்டித்துக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கழுதை மடு தூர்ந்தபோது அவளுக்கு அத்தனை கோபம் வந்தது.

கழுதை மடு அவளுடைய படகுத்துறைக்கு இரண்டு வளைவு கீழே இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவருடைய கழுதை வண்டியோடு முழுகிய இடம் என்பார்கள். அந்த ஆழத்தில் அவளுடைய துடுப்பு ஒருநாளும் தரை தட்டியதில்லை. அவள் பிழைப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த மடுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் துடுப்பு தரை தட்டியது. எண்பத்து ஏழாம் வருடக் கோடையில், செயின்ட் லூயிஸிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர் படகை விட்டு இறங்கி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மடுவை நடந்தே கடந்தார். அவருக்கு அது வேடிக்கை. ஆர்டித்துக்கு அன்று சோளரொட்டி இறங்கவில்லை.

யார் செய்த வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆற்றின் மேல்பக்கம், அவளுக்கு அடுத்த நிலம் டாயில் சிஸ்க்குடையது. அறுபது மாடு வைத்திருந்தான். அத்தனையும் ஆற்றில்தான் இறங்கித் தண்ணீர் குடிக்கும், நிற்கும், செய்ய வேண்டியதையெல்லாம் அங்கேயே செய்யும். டாயிலும் அவளும் எட்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேசியதில்லை. பகை என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் அது ஒரு பழக்கம்.

அவள் மாவட்டப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். ஒன்றல்ல, மூன்று. ஒருவருடைய மாடுகள் ஊருக்குப் பொதுவான ஆற்றைக் கொன்றுகொண்டிருக்கின்றன என்றும், ஆளின் பெயரைச் சொல்லத் தனக்கு விருப்பமில்லை, ஆனால் பெயர் 'சி'யில் ஆரம்பிக்கும் என்றும் எழுதினாள். அடுத்த வாரமே டாயிலின் பதில் வந்தது. தன் மாடுகள் தாத்தா காலத்திலிருந்து அந்த ஆற்றில் தண்ணீர் குடிப்பதாகவும், அவற்றில் ஒன்றுகூட இதுவரை மீன் தின்றதில்லை என்றும் எழுதியிருந்தான். ஊர் முழுக்கச் சிரித்தது. ஆர்டித்தின் பேருந்தில் பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் கூடியபோது அவள் எழுந்து, அரசாங்கத்திலிருந்து ஆறு பார்க்கிற ஆளைக் கூப்பிட வேண்டும், மாடுகளின் குட்டு வெளிப்பட வேண்டும் என்றாள். கூப்பிட்டார்கள். செப்டம்பரில் எம்மெட் புரூயிட் என்பவர் வந்தார். ஒல்லியானவர், அதிகம் பேசாதவர், இடுப்புவரை வரும் ரப்பர் காலணியில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தார். ஆர்டித் விடுப்பு எடுத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து ரொட்டி கட்டிக்கொண்டு, மூன்று நாளும் அவர் கூடவே போனாள். டாயில் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

டாயிலின் மேய்ச்சல் நிலம் முடியும் இடத்தில், தண்ணீர் கல்லின் மேல் சலசலத்து ஓடும் திருப்பத்தில் எம்மெட் இறங்கினார். வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, காலால் கற்களைக் கிளறினார். வலையில் விழுந்ததை வெள்ளை எனாமல் தட்டில் கொட்டினார். தட்டு முழுக்க உயிர் நெளிந்தது. மூன்று வால் வைத்த பூச்சிக்குஞ்சுகள், மணலால் கூடு கட்டிக்கொண்ட புழுக்கள், விரல்நுனி அளவு இறால் குஞ்சுகள். கொஞ்சம் பாசி அதிகம், மாட்டுச் சாணத்தின் வேலை அது, ஆனாலும் ஆறு இங்கே நன்றாக மூச்சு விடுகிறது என்றார். ஆர்டித்துக்கு ஏமாற்றம். இன்னொரு தடவை கிளறிப் பார்க்கச் சொன்னாள். கிளறினார். இன்னும் அதிகமாக வந்தது.

மூன்றாம் நாள் அவளுடைய படகுத்துறைக்குக் கீழே வலை பிடித்தார். நான்கு நத்தையும் ஒரு மண்புழுவும் வந்தன. எம்மெட் தட்டைக் கழுவினார். பிறகு படகுப் பலகையின் மேல் இரண்டு புகைப்படங்களை விரித்தார். விமானத்திலிருந்து எடுத்த படங்கள். ஒன்று அறுபத்தாறில் எடுத்தது, இன்னொன்று போன வருடம். முதல் படத்தில் ஆறு ஒரு கறுப்பு நூல் போல மரங்களுக்கு நடுவே ஓடியது. இரண்டாவதில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த நூல் பிரிந்து, அகலமான வெள்ளைக் கூழாங்கல் திட்டாகக் கிடந்தது.

"இந்தப் புல்தரை எப்ப போட்டீங்க, ஆர்டித் அம்மா?" என்றார் எம்மெட்.

அவள் கரையைப் பார்த்தாள். வீட்டிலிருந்து தண்ணீர்வரை வழவழவென்று இறங்கும் பச்சைப் புல்வெளி. படகுத் தொழில் ஆரம்பித்த வருடம் அவள்தான் அங்கிருந்த பத்தொன்பது சிக்கமோர் மரங்களையும் வெட்டச் சொன்னாள். வண்டிகள் திரும்ப இடம் வேண்டும், சமையலறை ஜன்னலிலிருந்து ஆறு தெரிய வேண்டும் என்று. ஒவ்வொரு வசந்தத்திலும் புல்டோசர் வைத்து, படகு இறக்கக் கூழாங்கல்லைச் சமப்படுத்தினாள். ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது அவளுக்குத் தெரியும். வேர் இல்லாத கரை உதிரத்தானே செய்யும். உதிர்ந்த மண்ணும் கல்லும் இரண்டு வளைவு தாண்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் அவள் யோசித்ததேயில்லை.

"அவனோட மாடு இல்லையா அப்ப?" என்று கேட்டாள்.

"மாடும்தான். நூத்துல ஒரு பத்துப் பங்கு."

அந்தச் சனிக்கிழமை அவள் புல் வெட்டவில்லை. புல்வெட்டும் இயந்திரம் பழுதா என்று வெண்டல் கேட்டான். இல்லை, நான்தான் பழுது என்றாள். வெண்டல் காப்பி போட்டுக் கொடுத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வரமாட்டாள் என்று பலரும் நினைத்தார்கள். வந்தாள். பேருந்து ஓட்டும்போது போடும் தொப்பியோடு எழுந்து நின்று, மடுவைத் தூர்த்தது டாயில் இல்லை, நான்தான் என்று சொல்லி, பத்தொன்பது மரத்தின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த டாயில் மெதுவாகத் திரும்பினான்.

"இன்னொரு தரம் சொல்லு, ஆர்டித். பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவள் இன்னும் உரக்க, முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் கூட்டமே சிரித்தது. டாயிலும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

என்ன செய்யலாம் என்று எம்மெட் எழுந்து விளக்கினார். கிளையோடு வெட்டிய சிடார் மரங்களைக் கரையோரம் வரிசையாகக் கிடத்தி, இரும்புக் கம்பிவடத்தால் இறுக்கிக் கட்டினால் வெள்ளத்தின் வேகம் அதில் உடையும், கிளைகளுக்குள் வண்டல் தங்கும். அந்த வண்டலில் நட்டதும் வேர்விடும் வில்லோ குச்சிகளையும் சிக்கமோர் கன்றுகளையும் நட வேண்டும். நூறு சிடார் மரமாவது வேண்டும். அந்த ஊரில் சிடார் முளைத்து மேய்ச்சலைக் கெடுத்துக்கொண்டிருந்த நிலம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் டாயிலைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அவன் டிராக்டரில் வந்தான். மரத்தை எடுத்துக்கொள், எனக்கும் தொல்லை விட்டது என்றான். ஆர்டித் நன்றி சொல்லவில்லை.

"அப்படியே உன் பக்கம் ஆத்தோரமா ஒரு வேலியும் போட்டுடு. அந்தப் பத்துப் பங்குக்கு."

"என் வாழ்நாள்ல ஒரு மீனை நான் தூண்டில்ல பாத்ததில்ல. அதுக்கு நான் வேலி போடணுமா?"

"பாக்கலைன்னா வா, காட்டறேன். பயமா இருந்தா விட்டுடு."

பயம்தான். டாயிலுக்கு நீந்தத் தெரியாது. ஆற்றோரமே ஐம்பது வருடம் வாழ்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவன். அவள் அப்படிச் சொன்ன பிறகு வராமலிருக்க அவனால் முடியவில்லை. ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, படகின் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுடைய நிலத்துக்கு ஒரு மைல் மேலே அவள் படகை இறக்கியிருந்தாள்; அந்த ஒரு மைலும் அவன் கை பலகையை விடவேயில்லை. அவனுடைய நிலத்தைத் தண்ணீரிலிருந்து பார்த்தபோதுதான் மெல்ல நிமிர்ந்தான். தன் மாடுகள் இறங்கும் இடம் எப்படிச் சேறாகக் குழம்பிக் கிடக்கிறது என்று மேட்டிலிருந்து அவனுக்குத் தெரிந்ததில்லை. ஆர்டித் வாயைத் திறக்கவில்லை, அவளுக்கு அது லேசான காரியமில்லை.

அதற்குக் கீழே ஒரு பாறைச் சரிவில் அவள் படகை நிறுத்தி, தூண்டில் கோலை அவன் கையில் திணித்தாள். முதல் வீச்சு மரத்தில் மாட்டியது. இரண்டாவது அவள் தொப்பியில். மூன்றாவது தண்ணீரில் விழுந்தது. கோல் வில்லாக வளைந்தது. பதினெட்டு அங்குலப் பழுப்பன் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறி, அவனைப் பார்த்துத் தலையை உதறியது. தண்ணீர் பயமெல்லாம் எங்கே போனதோ, டாயில் எழுந்து நின்றுவிட்டான். உட்காரச் சொல்லி ஆர்டித் அதட்டியது அவன் காதில் விழவில்லை. படகு ஆடியது. மீனைப் படகோரம் கொண்டுவந்த அதே நொடியில் அவன் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தான். இரண்டு மிதவைச் சட்டையும் அவனைக் கட்டைபோல மிதக்க வைத்தன. ஒரு கையில் கோல், இன்னொரு கையில் மீனின் கீழ்த்தாடை.

காலைத் தரையில் ஊன்றி, மீனை அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தச் சிவப்புக் கண்ணும் அவனைப் பார்த்தது. பிறகு யாரும் சொல்லாமலே கொக்கியைக் கழற்றி, கையைத் தாழ்த்தி விட்டுவிட்டான்.

"கிறிஸ்துமஸுக்குள்ள வேலி போட்டுடறேன்" என்றான். "நான் விழுந்ததை மட்டும் வெளியில சொல்லாத."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பேருந்திலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் டாயில் சொன்னபடி வேலி போட்டான். மாடுகளுக்கு மேட்டில் ஒரு தொட்டியும் கட்டினான். அந்த இலையுதிர்காலம் முழுக்க ஊர் ஆண்களும் பெண்களும் வந்து, நூற்று ஆறு சிடார் மரங்களைக் கரையில் கட்டினார்கள். வசந்த வெள்ளம் பதினான்கு மரங்களை இழுத்துப் போனது. மறுபடி கட்டினார்கள். அடுத்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வருடம் வண்டலில் வில்லோ தலையெடுத்தது, ஆறு ஒடுங்கத் தொடங்கியது. ஒடுங்கிய ஆறு வேகம் பிடித்து, மடுவின் தலைப்பக்கத்தைத் தானே தோண்டிக்கொண்டது. தொண்ணூற்று இரண்டு ஜூனில் ஆர்டித் தனியாகப் போய்த் துடுப்பை இறக்கிப் பார்த்தாள். கைப்பிடி வரை உள்ளே போனது, தரை தட்டவில்லை. அன்று சாயங்காலம் அங்கே ஒரு பழுப்பனைப் பிடித்தாள். அது தான் விட்ட மீன்தான் என்று டாயில் சத்தியம் செய்தான். எம்மெட்டே வந்து இல்லை என்று சொல்லியும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

புல்வெளி போனதில் அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஜன்னலிலிருந்து இப்போது இலைதான் தெரிகிறது, ஆறு தெரியவில்லை. உண்ணி வேறு ஏறுகிறது. படகை ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று நகரத்துக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களிடம் அவள் சாப்பாட்டுக் கூடையையும் சேர்த்துக் கொடுத்துத் தூக்கச் சொல்கிறாள்.

ஒவ்வொரு ஜூலையிலும் வெள்ளைத் தட்டோடு ஆற்றில் இறங்கி, நான்கு இடத்தில் பூச்சி எண்ணி, பத்திரிகைக்கு எழுதி அனுப்புவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். இன்ன இடத்தில் மூன்று வால் பூச்சி இத்தனை, இறால் குஞ்சு இத்தனை என்று, மாட்டுச் சந்தை விலைக்குப் பக்கத்தில் போடுவார்கள். முதல் வருடம் ஊர் கேலி செய்தது. தொண்ணூற்று ஐந்தில் அது வரவேண்டிய வாரம் பத்திரிகைக்காரர்கள் அதைப் போட மறந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அலுவலகத்துக்கு ஒன்பது தொலைபேசி அழைப்புகள் வந்தனவாம், அதில் இரண்டு பேர் வாழ்நாளில் தூண்டிலைத் தொடாதவர்கள்.