தங்கை வாசலில் நட்ட பலகை

டிரைவருக்குச் சொந்தபந்தம் என்று மிச்சமிருந்தது அக்கரையில் ஒரு தங்கை மட்டும்தான். வாரநாளில் அவளுக்குச் சலவைக்கடை வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் இவருக்குச் சாப்பாடு. ஆற்றுப்பாலம் தாங்காது என்று தடுப்பு போட்டு மூடியதும் அது நின்றுபோனது. சுற்றுவழிப் பேருந்து ஞாயிறு ஓடாது. வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தப் பாலத்தில் பேருந்து ஓட்டியவர், ஓய்வுபெற்று இக்கரையில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வெளிநாட்டுக்காரன், வாக்குரிமை கிடையாது, எதற்கும் கருத்துச் சொல்லப் பயம்.

அந்த மாநிலச் சட்டப்படி, வரி ஒரு வரம்புக்கு மேல் வசூலானால் மிச்சத்தை மக்களுக்கே திருப்பித் தர வேண்டும். அதை அரசே வைத்துக்கொண்டு பாலமும் பள்ளிக்கூடமும் கட்டலாமா என்று அந்த வருஷம் வாக்கெடுப்பு வந்தது. டிரைவருக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. "ஆம்புலன்ஸ் ஊரைச் சுத்திக்கிட்டு வருது, உயிர் காத்திருக்குமா?" என்று தெருத்தெருவாகக் கேட்டார்.

"மறுபடி ஸ்டியரிங் பிடிக்க ஆசையாண்ணே?" என்று சீண்டினார் முடிதிருத்துகிறவர்.

"நீ வெட்டுற வெட்டுக்கு அக்கரைக் கடைக்கு ஓடத்தான்பா."

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. என்னிடம்தான் ஒருமுறை சொன்னார்: "தனியா உக்காந்தா சாப்பாடு இறங்க மாட்டேங்குது தம்பி."

பணத்தை அரசே வைத்துக்கொள்ளட்டும் என்பவர்கள் தங்கள் வீட்டு வாசலில் 'ஆம்' என்று பலகை நடுவார்கள். தங்கைதானே, கேட்க வேண்டுமா என்று, இரண்டு பேருந்து மாறிப் போய், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அங்கேயும் ஒன்றை நட்டுவிட்டு வந்தார். மாலையில் அவளிடமிருந்து போன் வந்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"யாரைக் கேட்டு நட்டே? அந்தப் பணம் வந்தா பல்லு கட்டிக்கலாம்னு இருக்கேன். எத்தனை நாளைக்கு ஒரு பக்கமாவே மெல்லுறது?"

"ஊருக்கு நல்லதும்மா."

"ஊருக்கெல்லாம் நல்லவனாயிட்ட அண்ணா. கூடப்பொறந்தவளை ஒரு வார்த்தை கேட்கத்தான் வாய் வரலை."

'ஆம்' மயிரிழையில் வென்றது. அவரே தங்கைக்குப் போன் செய்தார்; நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஜெயிச்சுட்டோம்மா."

"நீ ஜெயிச்சுட்ட. என் பல்லு போச்சு."

ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள் என்று நான் ஜாடை காட்டினேன். தலையாட்டினார். "பாலம் வந்தா ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும்மா."

"எனக்கென்ன நோயா? வச்சிடறேன்."

போனை மேசையில் வைத்தார். "கட்டி முடிக்க மூணு வருஷமாகுமாம். அதுக்குள்ள அவளுக்குக் கோபம் ஆறிடும்ல?"

நான் வாய் திறப்பதற்குள், பாதி சாப்பிட்டு வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.