வரம்பில் நின்ற பாதமும் ஒருங்க மறுத்த கணக்கும்

பிளாஸ்டிக் பொருள்கள் பாரத்தின்கீழ் எப்படி வளையும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் தொழில்; அதில் பாதி நேரம், கணக்கு ஏன் நின்றுபோனது என்று தேடுவதிலேயே கழியும். கணினி பாரத்தைப் படிப்படியாக ஏற்றும். ஒவ்வொரு படியிலும் பாரமும் பொருளின் எதிர்ப்பும் சமப்பட்டால்தான் அடுத்த படிக்கு நகரும், சமப்படாவிட்டால் நின்றுவிடும். இதைத்தான் 'கணக்கு ஒருங்கவில்லை' என்கிறோம். இதே திரையின் முன் தலையில் கைவைத்து அமர்ந்திருக்கும் உங்களுக்காக, கிளிநொச்சியில் ஒரு செயற்கைக்கால் பட்டறையில் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

ஜெயபுரத்தில் வயல் செய்யும் செல்வமலர் அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு செயற்கைப் பாதங்கள் உடைந்துவிட்டன. காலபோக நெல் விதைப்புக்கு முன் மூன்றாவது சரிவராவிட்டால், இந்த முறையும் வயலைப் பிறரிடம் விட வேண்டியதுதான்.

அந்தரத்தில் ஒரு பாதம்

முதல் நாள், கணக்கு முதற்படியைக்கூடத் தாண்டவில்லை. படிகளைச் சிறிதாக்கினேன், பயனில்லை. திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பாதத்துக்கும் தரைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. எதையும் தொடாத பொருளைத் தள்ளினால் அது போய்க்கொண்டேயிருக்கும். கணினி எதனோடு எதைச் சமப்படுத்தும்? பாதங்களை வார்த்துப் பொருத்தும் அன்ரன் அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "முதல்ல காலை மண்ணில வைக்கோணும் தங்கச்சி. பேந்துதான் ஏறி நிக்கிறது."

தேநீர் வேளை

பாதத்தைத் தரையில் வைத்ததும் கணக்கு நகர்ந்தது. பாதி வழியில் மறுபடியும் நின்றது. விற்பனையாளர் தந்த தாளில் அந்தப் பிளாஸ்டிக்கின் சிறு வளைவுக்கான அளவுகள் மட்டுமே இருந்தன. அதற்கப்பால் கணினி தானாக ஊகித்திருந்தது. ஆகவே ஒரு துண்டை வெட்டி, நிறையைத் தொங்கவிட்டு, நாமே அளந்தோம். நீளத்தைக் குறித்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினால், துண்டு மேலும் நீண்டிருந்தது. நான் அளந்த அடிமட்டத்தைச் சந்தேகித்தேன். அன்ரன் அண்ணை சந்தேகிக்கவில்லை. "இது இரும்பில்லை. நாங்கள் பாக்காத நேரத்திலயும் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும்."

சப்பாத்து

நேரத்தையும் சேர்த்து அளந்து கொடுத்ததும், கணக்கு நூறு வீதம் ஓடி முடிந்தது. அன்று அளவு கொடுக்க வந்திருந்த செல்வமலர் அக்காவிடம் பெருமையோடு திரையைக் காட்டினேன்.

"கீழ கிடக்கிறது என்ன பிள்ளை?"

"சப்பாத்தின்ர அடி, அக்கா. தரையெண்டு அதைத்தான் வைச்சிருக்கிறன். வெளிநாட்டில சப்பாத்துக்குள்ள வைச்சுத்தான் சோதிக்கிறவை."

அக்கா என்னை ஒரு முறையும் திரையை ஒரு முறையும் பார்த்தார். "சேத்துக்க ஆர் பிள்ளை சப்பாத்தோட இறங்குறது? நான் வரம்பில காலைக் குறுக்க வைச்செல்லோ நிக்கிறனான்."

நூறு வீதம்

சப்பாத்தை நீக்கி, வரம்பு போன்ற ஒடுங்கிய மேட்டில் நடுப்பாதத்தை மட்டும் தாங்கவைத்தேன். குதியும் விரல்களும் அந்தரத்தில். கணக்கு முழுப் பாரத்தின் அறுபது வீதத்தில் நின்றது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே அறுபது. பாதத்தை வார்க்கும் அச்சுக்கு உருக்கு வெட்டும் நாள் நெருங்கியது. நான் ஒரு தவறு செய்தேன். செயற்கைத் தணிப்பு என்றொரு வசதி மென்பொருளில் உண்டு. உண்மையில் இல்லாத ஒரு பிசுபிசுப்பைச் சேர்த்து, நின்ற கணக்கை முன்னே தள்ளும். அதைத் தாராளமாகச் சேர்த்தேன். நூறு வீதம் வந்தது. அறிக்கையை நீட்டினேன். அன்ரன் அண்ணை வாங்கவில்லை. "இது தானா வந்ததோ, நீங்கள் வரப்பண்ணினதோ?"

பையில் வந்த சாட்சி

அறிக்கையைக் கிழித்தேன். அக்காவை அழைத்து, உடைந்த பாதங்களைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் ஒரு கடைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இரண்டிலும் நடுப்பாதத்தை உள்ளிருந்து தாங்கும் பட்டையான விலா ஒரே இடத்தில் மடிந்து வெடித்திருந்தது. கணக்கு நின்ற படியில் திரையில் சிவந்திருந்ததும் அதே இடம். அறுபது வீதத்தில் புதிய பாதமும் மடியத் தொடங்கியிருந்தது; நான் அதைப் பிசுபிசுப்பால் மூடியிருந்தேன். அக்கா கணினியைப் பரிவோடு பார்த்தார். "பாவம், அது உண்மையைத்தான் சொல்லியிருக்குது. நீங்கள்தான் நம்பேல்லை."

விதைப்பு

விலாவைத் தடிப்பாக்கினோம், தணிப்பு இல்லாமலே கணக்கு ஒருங்கியது. விதைப்புக்கு ஒரு கிழமை இருக்கையில் பாதம் பொருத்தப்பட்டது. விதைத்த அன்று மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தார். என்ன நடந்ததென்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. "கால் நிண்டுட்டுது பிள்ளை. வரம்புதான் இடிஞ்சுபோச்சு, அதுக்கும் ஒரு கணக்குப் பாத்துத் தாங்கோ."

இப்போதெல்லாம் கணக்கு நின்றுபோனால், யாருடைய கால் எந்த மண்ணில் நிற்கப்போகிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதன் பிறகே மென்பொருளைத் திட்டுகிறேன்.