சாக்கடைக்கு உபயகாரர் யார்?

எங்கள் ஊர்க் காப்பிக்கடை முதலாளி, சீனத் தவுக்கே, கலர் டிவி வாங்கி, சுவரில் உயரமாகப் பலகை அடித்து அதன்மேல் வைத்த வருடம் அது. வருடத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. பள்ளிக்கூடம் போகாதவன், நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். ஆனால் அந்த டிவியில் முதன்முதலாகப் பந்து விளையாட்டுப் பார்த்தபோது, புல் அத்தனை பச்சையாக இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. காலையெல்லாம் சாக்கடை ஓரப் புல் வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பச்சை கண்ணைவிட்டுப் போவதற்குள் இன்னொரு பச்சையைப் பார்த்தேன். பொது மண்டபத்தில் மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் எங்கள் ஊர் இருந்தது.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையில், பஸ்ஸில் தூங்கினால் தவறவிட்டுவிடக்கூடிய ஊர் அது. ஒரே தெரு, ஒரு பஸ் நிலையம், தகரக் கூரை போட்ட பாசார். காய்கறி, மீன் விற்கும் அந்தக் கொட்டகையின் ஓரத்தில் ஏழு சாப்பாட்டுக் கடைகள். மூன்றாவது என் மனைவியின் தோசைக்கடை. நான் கவுன்சிலில் சாக்கடை அள்ளும் தொழிலாளி. அதுவும் நாள் சம்பளம். மழை வலுத்தால் பாசார்ச் சாக்கடை பொங்கித் தண்ணீர் கணுக்கால் வரை ஏறும். சாப்பிட வந்தவர்கள் காலைத் தூக்கிப் பெஞ்சில் மடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். யாரும் எழுந்து போனதில்லை. அவள் சட்னி அப்படி.

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி அன்று அத்தனை கூட்டம். பஞ்சில் மரம், மொச்சைக்கொட்டை அளவில் கார், நடுவில் ஒரு நீரூற்றுகூட இருந்தது. ஒவ்வொருவரும் குனிந்து தன்னைத்தான் தேடினார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் தன் கடையைக் கண்டுபிடித்து, "என் கடைலா, என் கடைலா!" என்று கண்ணாடியில் விரல் ரேகை பதித்துவிட்டார். என் மனைவி பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தாள். பிறகு கவுன்சில் பிளான் ஆபீசிலிருந்து வந்திருந்த தமிழ் இளைஞனிடம் கேட்டாள்.

"தம்பி, எங்க கடை எங்க?"

"சாப்பாட்டுக் கடைங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால போவுது ஆன்டி."

"பின்னால குப்பைத்தொட்டிதான இருக்கு? இந்த எடத்துல என்ன, தண்ணி பொங்குது?"

"அது அழகுக்கு ஆன்டி."

"தண்ணி பொங்குறதுதான் அழகுன்னா, அது மழைக்கு மழை இப்பவே பொங்குதே தம்பி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குப்பைமேட்டுப் பக்கம் கடை போனால் யார் வந்து உட்காருவார்கள்? நாள் சம்பளக்காரன் வீட்டில் மழை நாளிலும் அடுப்பெரிந்தது அந்தக் கடையால்தான்.

அந்த இளைஞன் மேடையேறி விவரம் சொன்னான். பாசாரைச் சீர்செய்ய கவுன்சிலிடம் பணம் இல்லை. இரண்டு வழி உண்டு. வீட்டு வரியைக் கூட்டி, அதைக் காட்டிக் கடன் வாங்கி, பாசாரையும் சாக்கடையையும் கவுன்சிலே கட்டலாம். ஏழு கடைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். இல்லையென்றால் நிலத்தை ஒரு கட்டடக் கம்பெனியிடம் கொடுத்துவிடலாம். அவர்களே எல்லாம் கட்டுவார்கள், முன்பக்கக் கடைகளை அவர்களே விற்றுக்கொள்வார்கள், ஊருக்கு ஒரு செலவும் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அதுதான். முடிவு கவுன்சிலுடையது, ஆனாலும் ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் என்று கை எண்ணி எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறான்.

செலவே இல்லை என்றதும் மண்டபம் அந்தப் பக்கம் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். லோரி ஓட்டும் ஒருவன், தினமும் என் மனைவி கையால் சாப்பிடுகிறவன், எழுந்து, "தோசைய பின்னால போய் வாங்கிக்கிறோம்லா, தோசை என்ன ஓடியா போவுது?" என்றான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. தோட்ட வேலையை விட்டு வந்து புதிதாக வீடு வாங்கியவன், வீட்டு வரி கூடினால் தாங்கமாட்டான்.

அப்போதுதான் எங்கள் கோயில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. திருவிழாவில் ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்று நடத்துகிறதே, உபயம், அதுபோல பாசாரையும் பங்கு போட்டுக் கட்டிவிட்டால் என்ன? வரியும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். சொல்லி வாய் மூடவில்லை, மண்டபம் கோயிலாகிவிட்டது. பால்டின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தலைவர் எழுத ஆரம்பித்தார். தூண் ஆறும் போய்விட்டது. கூரைத் தகரத்தை லோரிக்காரர்கள் சேர்ந்து எடுத்தார்கள். வரிக்குக் கை விரித்த அதே ஆள்தான் முதலில் கத்தினான். நகைக்கடைக்காரர் நாலு காற்றாடி. முடிதிருத்துபவர் ஒரு தண்ணீர்க் குழாய். டியூப்லைட்டுக்கு மட்டும் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அதில்தானே பெயர் எழுதினால் இரவிலும் தெரியும். என் மனைவியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும்தான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குடை உயர்ந்தது. மூலை வீட்டுக் கிராணி. நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். ஊரிலேயே பெரிய வீடு அவருடையது. வரி கூடினால் அதிகம் கட்டப்போகிறவரும் அவர்தான். வந்த கடித உறையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே மடித்து ஒட்டி மறுபடி அனுப்புகிற சிக்கனம். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். எங்களுக்கு அவரைப் பிடிக்காது. சாக்கடையில் அள்ளிய மண்ணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனால் கேட்டிலேயே நிற்பார்: "ஒரு மழைக்கு இது திரும்பவும் உள்ளுக்குத்தானே போகும்?" அவர் சொல்வது சரியாக இருந்ததுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சல்.

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு," என்றார். "சாக்கடைக்கு உபயகாரர் ஆர்?"

தலைவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார், பின்பக்கம் யாரோ எழுதியிருப்பார்கள் என்பதுபோல.

"நீங்களே எடுங்க கிராணி!" என்று ஒரு குரல். "உங்க பேர சிமெண்டுல பொறிச்சிருவோம்!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. அவர் அசையவில்லை.

"பொறியுங்கோவன், எனக்கென்ன வெக்கம்? கட்டினாப் பிறகு நாளுக்கு நாள் அதை அள்ளுறது ஆர்? அள்ளுறவருக்கு மாசா மாசம் சம்பளம் குடுக்கிறது ஆர்? அதுவும் உபயமோ? விளக்குக்கு ரெண்டு பேர் அடிபடுறியள். ஒருத்தரும் பேர் போட விரும்பாத வேலையளுக்குத்தானே வரி எண்டு ஒண்டு வைச்சிருக்கு. கூட்டட்டும். நான் கட்டுறன்."

"ஒங்களுக்குப் பென்சன் வருது, நீங்க பேசுவீங்க!" என்றான் லோரிக்காரன்.

"ஓம், வருது. அதுவும் நீர் கட்டின வரியிலதான் வருது."

அத்தனை பேர் கூடிய இடத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தலை குனிந்துவிட்டேன். ஏன் குனிந்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

தலைவர் உபய அட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். இளைஞன் கைகளைக் கேட்டான். வரி கூடினாலும் பரவாயில்லை, பாசார் கவுன்சிலிடமே இருக்கட்டும் என்பவர்கள்? கிராணியின் கை முதலில். அடுத்தது என் மனைவி. பிறகு மற்றக் கடைக்காரர்கள், பிறகு நான் எதிர்பாராத ஆட்கள் சிலர். நானோ வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் எங்கள் மேற்பார்வையாள், மண்டோர், நின்றார். காலையிலேயே சொல்லிவிட்டார்: "கவுன்சில் ஆளுங்க எந்தப் பக்கமும் கை தூக்கக் கூடாது. வேடிக்கை பாரு, டீ குடி, வந்துரு." நாள் சம்பளக்காரனை நிறுத்தக் காகிதம்கூட வேண்டாம், நாளைக்கு வராதே என்றால் போதும். மனைவி கையை இறக்காமலே திரும்பி என்னைப் பார்த்தாள். இளைஞன் எண்ணி முடித்து, "நாப்பது," என்று சத்தமாகச் சொன்னான். கம்பெனிப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எந்தப் பக்கமும் தூக்காதவர்கள்தான் மண்டபத்தில் அதிகம்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, "என்னங்க, கை சுளுக்கா?" என்றாள். "சுளுக்குன்னா சொல்லுங்க, ஊட்டி விடுறேன்."

சில நாள் கழித்து மூலை வீட்டுச் சாக்கடையில் நின்றிருந்தேன். கிராணி கேட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். கவுன்சிலுக்கு எழுதியிருந்தார்; எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும், அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று மண்டபத்தில் நடந்தது எல்லாம் வரிசையாக இருந்தது. "நாப்பத்தொரு பேர் கை உயர்த்தினவை," என்று முடித்தார்.

"ஐயா, தம்பி நாப்பதுன்னுதான சொன்னாரு?"

"ஓம். நாப்பதுதான்."

"அப்ப?"

அவர் என் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீர் கையைத் தொடைக்குக் கீழ வைச்சு அமத்திக்கொண்டு இருந்தனீர். பெஞ்சு ஆடினது. நான் பின்னாலதானே இருந்தனான். வாசல்ல ஆர் நிண்டவர் எண்டும் கண்டனான்." கடிதத்தை நாலாக மடித்து, உள்பக்கம் வெளியே வந்த பழைய உறை ஒன்றில் போட்டார். "அத்தனை வருஷம் நிலக் கந்தோரில இருந்தன். ஒரு பிழையான இலக்கம் எழுதேல்லை." உறையைச் சட்டைப்பையில் செருகினார். "சரி, அந்த மூலையில மண் நிக்குது, பாரும்."

கடிதம் வேலை செய்ததா, கை எண்ணிக்கை வேலை செய்ததா, மேலே யாருக்காவது வேறு கணக்கு இருந்ததா, நான் அறியேன். வரி கொஞ்சம் கூடியது. நீரூற்று வரவில்லை. பாசாருக்குப் புதுக் கூரை வந்தது, மேசைகளுக்கு ஓடு பதித்தார்கள், மூடி போட்ட சாக்கடை வந்தது. அதை ஓய்வு பெறும்வரை நான்தான் சுத்தம் செய்தேன். ஏழு கடையும் இருந்த இடத்திலேயே இருந்தன. வரியைக் கூட்டச் சொன்ன கிராணி, முதல் வரிச் சீட்டு வந்த மறுநாளே கவுன்சிலுக்குப் போய், தன் கார் நிறுத்தும் கொட்டகையை அறை என்று அளந்துவிட்டார்கள் எனச் சண்டை போட்டுக் குறைத்துக்கொண்டு வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஊர் சிரித்தது. அவருக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. கட்டவேண்டியது வேறு, தப்பாக அளந்தது வேறு.

கடையை மறுபடி திறந்த அன்று கடித விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு தூக்குச் சட்டியில் தோசையும் சட்னியும் வைத்து மூலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வெளிச் சாப்பாடு தொடாதவர். மாலையில் சட்டி கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பிடி முருங்கைக்கீரையோடு வந்தது. சாப்பிட்டாரா, பூனைக்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் துணியவில்லை.

அவர் போய்ப் பல வருடமாகிறது. என் மனைவியும் போய்விட்டாள். நான் பூச்சோங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். கிராணியின் பிள்ளைகள் வெளிநாட்டில் எங்கேயோ இருப்பதாகச் சொல்கிறார்கள். இதை வாசிக்கிற உங்களில் யாராவது அவர்களைச் சந்தித்தால், மூலை வீட்டுக் கிராணி என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். அவர்களுடைய அப்பா ஆயுசில் ஒரே ஒரு இலக்கம் பொய்யாக எழுதினார் என்று சொல்லுங்கள். நாற்பதுக்குமேல் இருந்த அந்த ஒன்று நான்தான் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.