புரட்டாசியில் பட்டினி கிடந்த மீன்

சேதுபதி அண்ணன் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கைகள்தான். தண்ணீர் இலாகாவில் பதினேழு வருடம் வால்வுச் சக்கரம் திருகிக் காய்த்துப்போன கைகள். குழாய் வெடித்தால் முழங்கை வரை சேற்றில் விட்டு, கண்ணால் பார்க்காமலே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதே கை மீன் தொட்டிக்குள் போனால் தண்ணீரில் ஒரு சுழி எழாது. நானும் அவரும் ஒரே கோஷ்டியில் வேலை செய்தவர்கள். எட்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்கு அந்த வியப்பு தீரவில்லை.

1950இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர் அவர். வந்த முதல் வாரமே சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கால்வாயில் குப்பி மீன்களைப் பார்த்து நின்றுவிட்டாராம். அவ்வளவு அழுக்குத் தண்ணீரில் அவ்வளவு நிறமா என்று மலைத்துப்போய், ஒரு பால் டின்னில் நாலைப் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனார். அன்று பிடித்த பைத்தியம். குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்து, பூவம்மா அண்ணியோடு நாலாவது மாடிக்குக் குடியேறியபோது கூடத்தில் நாற்காலி இரண்டு, மீன் தொட்டி நான்கு. “கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தேனா, மீனுக்கு ஆயாவா வந்தேனான்னு தெரியல தம்பி” என்பார் அண்ணி. சொல்லிவிட்டு, தானே தொட்டிக் கண்ணாடியைத் துடைப்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

1965இல் ரவூப் பாய் அந்த இரண்டு மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றுகிறவர். தென்னமெரிக்கப் பக்கம் போய்வந்த ஒரு மாலுமி, பெயர் தெரியாது என்று சொல்லி ஒரு ஜாடியோடு கொடுத்தானாம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தன. வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வயிற்றில் குங்குமம் தடவிய மாதிரி ஒரு சிவப்பு. அண்ணன் இருப்பதிலேயே பெரிய தொட்டியைக் காலி செய்து அவற்றை விட்டார். ஒன்று சற்றுப் பெரியது, அது பெரியவர். மற்றது சின்னவர். மீனை யாராவது மரியாதை போட்டுக் கூப்பிடுவார்களா? இவர் கூப்பிட்டார்.

இரண்டே வருடத்தில் இரண்டும் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்தன. பின்மதிய வெயில் சன்னல் வழியாகத் தொட்டியில் விழும்போது செதிலெல்லாம் பொன் தூள் தூவிய மாதிரி மின்னும். நான் தேநீர் குடிக்கப் போனவன் தேநீரை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணன் தினமும் இறால் உரித்துப் போடுவார். வாரம் இரண்டு முறை கையை உள்ளே விட்டுக் கண்ணாடிப் பாசியைத் தேய்ப்பார். அவை ஒரு மூலையில் ஒதுங்கி நின்று அவர் கையையே பார்க்கும்.

1967 செப்டம்பரில்தான் வினை வந்தது. மீன் கடைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மேலே ஒரு மீனின் படம். கீழே நான்கு மொழியிலும் எழுதியிருந்தது: இது பிரானா என்ற கடிக்கும் மீன், இதை வைத்திருப்பது இனிமேல் குற்றம், அக்டோபர் முடிவதற்குள் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், மீறினால் அபராதம். கறுப்பு மையில் அச்சடித்த படம்தான். ஆனாலும் அந்த மோவாயையும் புள்ளியையும் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. அண்ணன் அந்தக் காகிதத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

“ஒப்படைச்சா என்ன செய்வாங்க?” என்றார்.

“என்ன செய்வாங்க, கொன்னுடுவாங்க” என்றேன்.

எனக்குச் சட்டம் என்றாலே ஒரு எரிச்சல். ஆபீசில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து எதையாவது தடுக்கிறவர்கள் மேல் அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு கோபம். பஸ் நிறுத்தம் வரை பொரிந்து தள்ளினேன். “உங்க வீடு, உங்க தொட்டி. நாலாவது மாடியில வந்து யாருண்ணே பாக்கப்போறா? பூனைகூடத்தான் எலியைக் கொல்லுது, பூனைக்கு நோட்டீஸ் ஒட்டுவாங்களா? ரெண்டு வருஷமா யாரைக் கடிச்சுது? பேசாம இருங்க லா.”

அவர் பேசாமல்தான் இருந்தார். ஆனால் அவர் முகத்தில் தெளிவில்லை. பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போடாத மனிதர். ஒரு பக்கம் சட்டம், ஒரு பக்கம் பெரியவரும் சின்னவரும். சோறு இறங்கவில்லை அவருக்கு.

அண்ணிதான் வேறு வழி சொன்னார். “கொல்லவும் வேணாம், ஒளிச்சு வைக்கவும் வேணாம். தண்ணியில விட்டுடுங்க. வாயில்லா ஜீவன் பொழைச்சுப் போகட்டும், நமக்கும் புண்ணியம்.”

அண்ணனின் முகம் அப்போதுதான் தெளிந்தது. நாங்கள் வேலை செய்ததே நீர்த்தேக்கத்தில். பெரிய தண்ணீர், சுற்றிலும் காடு. தினமும் வேலைக்குப் போகும்போது கரையில் நின்று பார்க்கலாம். வருகிற திங்கட்கிழமை, அடுத்த திங்கட்கிழமை என்று மனம் வராமல் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் அக்டோபர் ஒன்பதாம் தேதி என்று முடிவு செய்தார். மூடி போட்ட வாளி ஒன்று வாங்கினார். ஒரு பக்கம் நான் பிடிப்பதாகச் சொன்னேன். சட்டத்துக்கும் டிமிக்கி, மீனுக்கும் விடுதலை என்று எனக்கு ஏக குஷி.

இதற்கிடையில் புரட்டாசி பிறந்திருந்தது. அண்ணி பெருமாள் பக்தை. புரட்டாசி பிறந்தால் அந்த வீட்டுப் படியில் கருவாட்டு வாசனைகூட ஏற முடியாது. முந்தின வருடம் மீன்கள் சின்னவை, சாக்கடைப் புழு போதுமாக இருந்தது. புழுவை அண்ணி அசைவக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த வருடம் அண்ணன் இறால் என்று வாயைத் திறந்ததுமே தடை போட்டுவிட்டார்.

“இந்த வீட்டுல இருக்கற யாரா இருந்தாலும் புரட்டாசி விரதம்தான். மீனா இருந்தா என்ன, மனுசனா இருந்தா என்ன?”

அவித்த பட்டாணி, இட்லித் துணுக்கு, கீரைத் தண்டு. முதல் வாரம் கொஞ்சம் கொறித்தன. பிறகு பட்டாணி அப்படியே அடியில் கிடந்து ஊறியது. “பாரு, பெருமாளே விரதம் இருக்க வெச்சுட்டார்” என்று அண்ணன்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. அரை நாள் வேலை முடித்து நானும் அண்ணனோடு படையலுக்குப் போனேன். கூடத்தில் பெருமாள் படத்துக்கு முன்னால் வாழை இலையில் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல். நேர் எதிர்ச் சுவரோரம் பெரிய தொட்டி. அண்ணி கற்பூரம் ஏற்றினார். மூவரும் தொட்டிக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டோம். அண்ணன் “கோவிந்தா” என்றார். நாங்களும் “கோவிந்தா” என்றோம். இரண்டாவது தடவை சொல்லும்போது பின்னால் தண்ணீர் அடித்துத் தரையில் தெறிக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது கோவிந்தாவை முடித்துவிட்டுத் திரும்பினோம்.

தொட்டி சிவந்திருந்தது. நடுவில் பெரியவர் மட்டும் அசையாமல் நின்றிருந்தார். அடியில் பட்டாணிகளுக்கு இடையே சின்னவரின் தலையும், கத்தியால் வழித்தெடுத்த மாதிரி ஒரு முள்ளும். அவ்வளவுதான் மிச்சம். கற்பூரம் இன்னும் அணையவில்லை.

 பயம் என்று மட்டும் சொன்னால் பொய். கோயிலில் திரை விலகும்போது உடம்பில் ஒன்று ஓடுமே, அதுதான் ஓடியது. இரண்டு வருடம் தேநீர் குடித்துக்கொண்டே அழகு பார்த்தது இதைத்தானா? பெரியவரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பல்லைப் பார்த்தேன். ரம்பப் பல் போல, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று நெருக்கமாக முக்கோணங்கள். இத்தனை நாள் உதடு அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் தொட்டி முன் போய் உட்கார்ந்தார். திட்டவில்லை. “எவ்வளவு பெரிய வேலை” என்று முணுமுணுத்தார். மீனைச் சொன்னாரா, அதைப் படைத்தவனைச் சொன்னாரா, தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“தங்கராஜு, நாளைக்கழிச்சு இதுங்களைத் தண்ணியில விடறதா இருந்தோம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அது தப்புப் பண்ணல. பசிச்சுது, தின்னுச்சு. நான் பசியா விட்டேன், பூவம்மா புண்ணியம்னு சொன்னா, நீ வாளி தூக்க வர்றேன்னே. நாம மூணு பேரும் நல்லவங்கதான். கெட்டவன் யாரும் இல்லாமலே நடந்திருக்கும் பாரு.”

“இப்பவும் வீட்டுலயே வெச்சுக்கலாமே அண்ணே. இறால் போட்டா அடங்கி இருக்கும்ல?” என்றேன். எனக்கு இன்னும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

“நான் இருக்கற வரைக்கும் போடுவேன். எனக்கு ஒண்ணு ஆயிட்டா பூவம்மா என்ன செய்வா? பாவம்னு கொண்டுபோய் லோங்காங் கால்வாயிலதான் விடுவா. இந்த ஊர்ல எத்தனை பூவம்மா இருக்காங்க? அந்த நோட்டீஸ் எனக்கு இல்லடா, பூவம்மாவுக்கு.”

 காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எவனோ ஒருவன், எங்களைப் பார்க்காமலே எங்கள் மூன்று பேரையும் சரியாக யோசித்திருக்கிறான். அன்றுவரை நான் சட்டத்தை நினைத்து ஆச்சரியப்பட்டதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி தனியாகவே பஸ் பிடித்துத் தேக்கா சந்தைக்குப் போனாராம். திங்களன்று லீவு சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனபோது, சமையலறையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். புரட்டாசியில், பெருமாள் படம் இருக்கும் அதே வீட்டில். ஒவ்வொன்றாக நரம்பு எடுத்து, கழுவி, கிண்ணத்தில் போட்டார்.

“சாகப் போறதைப் பட்டினியா அனுப்பக் கூடாது தம்பி. பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றார்.

பெரியவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். நாங்கள் வாளியோடு பஸ் ஏறினோம். மீன்வளத் துறை அலுவலகத்தில் இருந்தவர் ஒரு சீன இளைஞர். மூடியைத் திறந்து பார்த்தவர், ஒரு அடி பின்வாங்கினார். பிறகு மலாய் மொழியில் சொன்னார்: அறிவிப்பு போட்டு இத்தனை நாளாயிற்று, தானாகக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான். அண்ணன் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. மீனின் உயிர் போகும் வரை தான் பக்கத்தில் நிற்கலாமா என்று மட்டும் கேட்டார். இளைஞர் சரி என்றார்.

பனிக்கட்டித் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் விட்டார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். பெரியவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தபடி இருந்தார், பிறகு மெல்லச் சாய்ந்தார். வெள்ளியும் சிவப்பும் அப்போதும் மங்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. சொன்னால் என்ன, அழுதேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் காலி வாளி எங்கள் காலுக்கு இடையில் ஆடிக்கொண்டிருந்தது.  அண்ணன் தன் வலது கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு வாரம் பட்டினி. அந்த மூணு வாரமும் நான் கையை உள்ள விட்டுப் பாசி தேய்ச்சிருக்கேன், தங்கராஜு. முழங்கை வரைக்கும்.”

நானும் அந்தக் கையைப் பார்த்தேன்.

“என்னைத் தொடல” என்றார். “ஏன்னு தெரியல. அதோட தயவு. ஆனா ஊரு குடிக்கற தண்ணியை அதோட தயவுல விட முடியுமா?”

பிறகு ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி, விரித்துப் பார்த்துக்கொண்டார். குவீன்ஸ்டவுன் வந்ததும் அந்தக் கையால்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.