ஓமுராவின் வலது கன்னம்

போன மாதமே சாந்தோம் கடலில் ஒரு சின்னத் திமிங்கலத்தைப் பார்த்தேன். ஓமுராதான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். பல்லுக்குப் பதிலாகச் சல்லடை போன்ற தகடுகளால் இரையை வடிக்கும் இனம். ஜப்பானிய அறிஞர் ஒருவரின் பெயர் அதற்கு. படங்களைப் பார்த்த ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். ஓமுராவுக்கு இடது தாடை கறுப்பு, வலது தாடை வெளுப்பு; அந்த வெளுப்பு தெரிந்தால்தான் நம்புவாராம். என் நாற்பது படத்திலும் இடது தாடைதான்! அலுவலகத்தில் கிண்டல் தாங்கவில்லை. மானத்தை மீட்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிளம்பினேன்.

மயிலாப்பூர் குளத்தருகே விடியற்காலை 4.50க்கு ஆட்டோ, எண்பது ரூபாய், பத்து நிமிடம். குப்பத்தில் சேவியர் அண்ணன் ஃபைபர் படகோடு காத்திருந்தார். போன மாதமும் அவர் படகுதான். 5.15க்குக் கிளம்பி, பதினொரு கிலோமீட்டர் உள்ளே போனோம்.

6.40க்கு அண்ணன் கை நீட்டினார். "தோ கீது பாரு தம்பி!"

திமிங்கலத்துக்கு இணையாகப் படகை விட்டார். காமிராவில் பார்த்தால் மறுபடியும் கறுப்புத் தாடை. அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. போன முறையும் அது படகின் வலப்பக்கத்தில்தான் நீந்தியது; அங்கே நீந்தினால் நமக்குத் தெரிவது அதன் இடது தாடைதான்.

"ஏண்ணே, எப்பவும் இந்தப் பக்கமே வச்சிக்கிறீங்க?"

"வலை இஸ்க்கிற பக்கம் இதான். கை அப்டியே பழகிக்கிச்சு. இன்னா இப்போ?"

"எனக்கு அதோட அந்தக் கன்னம் வேணும்ணே."

"போன தபாவே வாயத் தொறந்து கேக்குறதுக்கு இன்னா?"

அதற்குள் அது முங்கிவிட்டது. எஞ்சினை அணைத்துப் பதினேழு நிமிடம் காத்திருந்தோம். அது மேலே வந்து மூச்சைப் பீய்ச்சியதும் அண்ணன் நன்றாகத் தள்ளிப் பின்னால் சுற்றி, படகை மறுபக்கம் கொண்டுபோனார். அது வாயைத் திறந்து எழும்பியது. சோற்றுக் கஞ்சி நிறத்தில் வலது தாடை! கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று கத்தினேன்.

"கத்தாத, மிரண்டுக்கும். பேரு இன்னா சொன்ன?"

"ஓமுரா."

"அது அவுங்களுக்கு. நமக்கு இது ஒத்தக்கன்னம்."

போக நினைப்பவர்களுக்கு: படகில் ஆள் ஏற்ற அனுமதி உண்டா என்று கேளுங்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள், திமிங்கலத்தைத் துரத்தாதீர்கள். உங்களுக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்பதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்று மாலையே படங்களைப் பார்த்த ஆய்வாளர் ஒப்புக்கொண்டு பதிவுப் படிவம் அனுப்பினார். அதில் 'உள்ளூர்ப் பெயர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒத்தக்கன்னம் என்று நிரப்பினேன். பக்கத்தில், பெயர் வைத்தவர் சேவியர், சாந்தோம் என்றும் எழுதினேன்.