தெரியாமல் இருக்கும் உத்தியோகம்

என் ஓரகத்தியை, அதாவது என் கணவருடைய தம்பி மனைவியை, எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தந்தி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். கல்யாணமான முதல் வருடமே எங்கள் மாமனார் கொடுத்த பட்டம் அது. பெரிய நாத்தனார் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது, வந்தவள் பெட்டியைக் கீழே வைக்குமுன்பே இவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் தங்கப்போவதாகச் சொன்னவள் மூன்று ஜோடிச் செருப்போடு வந்திருந்தாள், அவ்வளவுதான்.

குடும்பம் என்றால் ஆளுக்கொரு திறமை இருக்கும். மாமனாரின் தம்பி, என் சின்ன மாமனார், வானிலை சொல்வார். "இன்னைக்கு மழை வராது" என்று அவர் வாய் திறந்தால் நாங்கள் மாடிக்கு ஓடிப் போய்க் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுவோம். அந்த மனிதர் ஒரு நாளும் எங்களைக் கைவிட்டதில்லை.

தந்தி ஒரு தையற்கடையில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். டேப் அவள் கழுத்தில் நகை மாதிரி தொங்கும். அளவெடுக்க நிற்பவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் எதையாவது பேசுவார்கள். அப்படி ஊர்க்கதை முழுக்க அவள் காதுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். கடைக்காரர் வயதாகி மகனோடு போய்விட, கடை மூடிற்று. மூடுவதற்கு முன் கடைசியாகத் தைத்தவற்றில் ஒன்று, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு பேராசிரியையின் வெள்ளைக் கோட்டு. கை நீளம் சரியாக அமைந்த முதல் கோட்டு அதுதான் என்று அந்த அம்மாள் தேடிக்கொண்டு வந்து, அளவெடுத்தது யார் என்று கேட்டார். அப்படித்தான் தந்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

அங்கே நடந்தது ஓர் ஆராய்ச்சி. வருடக்கணக்காக முதுகுவலியோடு வாழ்கிறவர்களை மருந்து மாத்திரை இல்லாமல் தேற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள். வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாயில் உட்கார்ந்தும் நின்றும் செய்கிற உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து, கூடவே மூச்சை நிதானமாக விடப் பழக்கினார்கள். மற்றக் குழுவைப் படுக்க வைத்து முதுகில் சூடான ஒத்தடம் மட்டும் கொடுத்தார்கள். இரண்டு குழுவும் தந்தியின் அறைக்கு வரும். குனிந்தால் விரல்நுனி தரைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்திருக்க முடிகிறது, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அவள் பார்த்து எழுத வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மாத்திரை என்றால் மாவில் ஒன்று உருட்டிக் கொடுத்து, எது நிஜம் எது பொய் என்று யாருக்கும் தெரியாமல் வைக்கலாம். பயிற்சியை எப்படி மாவில் உருட்டுவது? செய்கிறவருக்குத் தெரியும், சொல்லிக் கொடுக்கிறவருக்கும் தெரியும். ஆகவே அளவெடுக்கிற ஒருவருக்காவது யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தெரிந்தால், பாவம் இவ்வளவு பாடுபட்டுப் பயிற்சி செய்தாரே என்று டேப்பை ஒரு விரற்கடை தாராளமாகப் பிடிக்கத் தோன்றுமாம். பேராசிரியை அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அளவெடுக்கறது உங்க வேலையில பாதிதாம்மா. மீதிப் பாதி, எதுவும் தெரியாம இருக்கறது."

இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது என் கொழுந்தன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. "ஏண்டி, அந்த வேலைக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?" என்றார். தந்தி சிரிக்கவில்லை. பிறகு தனியாக என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா எல்லாரும் என்னை நம்பாம விஷயத்தை மறைச்சாங்க. இவங்க ஒருத்தங்கதான் அக்கா, என்னை நம்பி மறைக்கறாங்க."

அடுத்து இதைவிடப் பெரிய ஆராய்ச்சி ஒன்று வரப்போகிறது, இது ஒழுங்காக நடந்தால் அதற்கும் நீங்கள்தான் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அந்த வேலையைவிட, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிகிச்சையைப் பற்றி இங்கே பேசாதீர்கள் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பத்து வருடமாக வலியோடு இருக்கிறவர்களுக்கு அதைத் தவிரப் பேச வேறென்ன இருக்கிறது? அவர்கள் வாயைத் திறந்தால் இவள் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டுவாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "அந்தப் பொண்ணு என்னை மூச்சு..." என்று ஆரம்பித்ததும், குனிந்த நிலையில் அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாளாம். அவர் நிமிர முடியாமல் வேறு ஆள் வந்து நிமிர்த்தியதாகக் கேள்வி.

எதுவும் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் அந்தப் பழக்கத்தை வீட்டிலும் தொடர்ந்தாள். ஆரம்பத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தவிக்க ஆரம்பித்தோம். கொழுந்தன் மின்சார வேலை பார்க்கிறவர். மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வந்து அவள் எதிரில் இரண்டு தரம் பெருமூச்சு விடுவார். அவள் கேட்க மாட்டாள். என் இரண்டாவது மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் திடீரென்று பின்வாங்கியபோது, நானே போய் அவள் அடுப்படியில் ஒரு மணி நேரம் வெங்காயம் உரித்தேன். கண்ணில் நீர் வழிகிறது. அவள் பாட்டுக்குப் பாத்திரம் கழுவுகிறாள்.

"ஏதாவது கேளேண்டி" என்றேன் கடைசியில்.

"பழக்கம் விட்டுப்போச்சு அக்கா" என்றாள்.

அவளுக்கு ஏதோ பெரிய வியாதி என்று என் கணவர் பயந்தே போனார்.

வருடம் முடியப்போகிற சமயம், ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். கையில் இருந்த போர்வையின் ஒரு முனையை விட்டுவிட்டு, "அக்கா, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. கண் சொல்லிவிட்டது. பயிற்சிக்காரர்கள் பாயில் ஏறும்போது கான்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டுகிறார்கள்; கயிறு புதிதாகக் கட்டியிருக்கும், முழங்கையில் பாயின் வரி பதிந்திருக்கும். ஒத்தடக்காரர்கள் படுத்து எழுந்து வருகிறார்கள். பின்தலை முடி நசுங்கி, இடுப்புத் துணி லேசாக ஈரமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாளாம். டேப்பும் சேர்ந்து தெரியாமல் போய்விட்டது.

அளவில் ஏதாவது கூட்டிக் குறைத்தாயா என்று கேட்டுவிட்டேன். திருடினாயா என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. டேப் விஷயத்தில் தன் கை பொய் சொல்லாது என்றாள். அப்படியானால் பேராசிரியையிடம் சொல்லிவிடு என்றேன். முடியாது, இந்த ஒரு இடத்திலாவது தன்னைத் தந்தி என்று யாரும் நினைக்க வேண்டாம் என்றாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் ஒரு வழக்கம் இருந்தது. அளவெடுத்தவரை உட்கார வைத்து, ஒவ்வொரு நோயாளியையும் சொல்லி, இவர் எந்தக் குழு என்று ஊகிக்கச் சொல்வார்கள். உண்மையிலேயே தெரியாமல் இருந்தாரா என்று பார்ப்பதற்காக. தந்தி போய்விட்டு வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனாள்.

பேராசிரியையின் பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சிக்குக் கணக்குப் பார்க்கிறவர். ஓயாத ஜலதோஷம் போலிருக்கிறது.

"எண்பது பேர்ல ஒரே ஒருத்தரைத்தாம்மா சரியா சொல்லியிருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க" என்றாள் இவள், அடக்கமாக. "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதுங்களே."

அவர் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், மறுபடி பையில் வைத்தார். "ஒண்ணும் தெரியாதவங்களுக்குப் பாதியாவது சரியா வந்திருக்கும்மா. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே நாப்பது வரும். இவ்வளவு தப்பா சொல்லணும்னா, எல்லாம் தெரிஞ்சிருந்தாத்தான் முடியும்."

இவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. காதோரம் குனிந்து, "சின்ன மாமா மழை வராதுன்னு சொல்ற மாதிரிடி" என்றேன். அவ்வளவுதான், முகம் தொங்கிப்போயிற்று.

பேராசிரியை கோபப்படவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "ஏம்மா இப்படி மாத்திச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாதவங்க எப்படிங்க மேடம் சரியா சொல்வாங்க?" என்றாள் தந்தி. அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்ததாகவே எனக்கு இன்றைக்கும் படுகிறது.

அந்த ஒரே ஒருவர் யார் என்று பார்த்தால், ஓர் இரவுக் காவல்காரர். அவர் பயிற்சிக் குழு. ஆனால் முழுக்கைச் சட்டையும் செருப்புமாக, வேலை முடிந்து பஸ்ஸில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவாராம், பின்தலை எப்போதும் நசுங்கியிருக்கும். அதைப் பார்த்து ஒத்தடம் என்று நம்பி, நம்பியதை மாற்றிப் பயிற்சி என்று சொல்லியிருந்தாள். அவள் சரியாகச் சொன்ன ஒரே ஆள், அவளுக்கு நிஜமாகவே தெரியாத ஒரே ஆள்.

ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது. கால்வாசிப் பேரை அதே நாளில் இன்னொருவரும் அளந்து வைத்திருந்தார். இரண்டு அளவுக்கும் வித்தியாசமே இல்லை. அவள் கை பொய் சொல்லாது என்றது உண்மைதான். பயிற்சிக்காரர்கள் நன்றாகக் குனிந்தார்கள், ஒத்தடக்காரர்களும் முன்னைவிடச் சுமாராகக் குனிந்தார்கள், வலி யாருக்கும் முழுசாகப் போய்விடவில்லை. அச்சில் வந்த கட்டுரையில் ஒரு வரி சேர்த்தார்கள்: அளவெடுத்தவருக்கு யார் எந்தக் குழு என்பது தெரிந்திருக்க வாய்ப்புண்டு. கொழுந்தன் அதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை பெரிய படிப்பு? என்னைக் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே" என்றார். அடுத்த ஆராய்ச்சிக்கு அளவெடுக்க வேறொரு பெண்ணை வைத்துக்கொண்டார்கள்.

தந்தி வீட்டோடு இருந்தாள். பழையபடி கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வருடம் முழுக்க எண்பது பேருடைய விரல்நுனிக்கும் தரைக்கும் நடுவே டேப்பைப் பிடித்துக் குனிந்து குனிந்து, அவளுக்கே முதுகுவலி வந்திருந்தது. ஆறு மாதமாகியும் போகவில்லை. வேறு வழியில்லாமல் பேராசிரியையிடம் போனாள். அவர் யோசித்துவிட்டு, புது ஆராய்ச்சியில் நோயாளியாகச் சேரச் சொன்னார். பழைய ஆளைச் சேர்க்கலாமா என்று அதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி உட்கார்ந்து பேசிச் சரி என்றதாம். இதிலும் அதே பயிற்சி, அதே ஒத்தடம், ஆட்கள்தான் அதிகம். பேராசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாராம்: அளவெடுக்கிற பெண்ணுக்கு நீங்கள் எந்தக் குழு என்று எந்த வகையிலும் தெரியக் கூடாது.

இப்போது வாரம் இரண்டு தரம் போய் வருகிறாள். கிளம்பும்போது நான் வாசலில் நின்று பார்க்கிறேன். காலில் கான்வாஸ் ஷூ. அளவெடுக்கிற நாள் என்றால் அந்த அறைக்குப் போகுமுன் ஒரு மூலையில் நின்று, கயிற்றை அவிழ்த்துப் புதிதாகக் கட்டி, பின்தலை முடியைக் கையால் நசுக்கி, இடுப்புத் துணியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு, முழங்கையைப் பாய் வரி பதிய எதிலாவது அழுத்திக்கொண்டுதான் உள்ளே நுழைகிறாளாம். முன்னே வேலை செய்தபோது பழகிய ஆயா சொன்னது. தந்தி சொல்லவில்லை.

"எந்தக் குழுடி நீ? என்கிட்ட மட்டும் சொல்லு" என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியக் கூடாது அக்கா."

"நான் எங்கேடி அந்தப் பொண்ணைப் பார்க்கப் போறேன்?"

"உங்ககிட்ட சொன்னா, சொன்னது என் கண்ணுல நின்னுடும். என் கண்ணுல இருந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்" என்றுவிட்டாள்.

முன்னைவிட இப்போது சுலபமாகக் குனிகிறாள். அது பயிற்சியால் என்று நானும் என் கணவரும் சொல்கிறோம். ஒத்தடம்தான் என்று கொழுந்தனும் பெரிய நாத்தனாரும் அடித்துச் சொல்கிறார்கள். சரியாகப் பாதிக்குப் பாதி. சின்ன மாமனாரைக் கேட்கலாமா என்றுகூட யோசித்தோம். மழையைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் அவர்.